உரிமையை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை

மார்ச் 8 வந்தால் தமிழ்நாட்டு மேடைகளில் ஒரு வரிசை தவறாமல் ஒப்பிக்கப்படும். பாரதி பாடினார், காந்தி வீட்டுக்குள் இருந்த பெண்களை வீதிக்கு அழைத்தார், பெரியார் பெண்ணடிமைத்தனத்தைத் தோலுரித்தார், கலைஞர் சொத்துரிமைச் சட்டம் கொண்டுவந்தார். பெண்களுக்கு விடிவு பிறந்தது. கொஞ்சம் படித்தவர்கள் இடையில் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். கைதட்டல் விழும். அடுத்த ஆண்டும் அதே பேச்சு, அதே கைதட்டல்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கருத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுரிமை என்பது பெருந்தலைவர்கள் மனமிரங்கிப் பெண்களுக்குத் தந்த கொடை. பெண்கள் கைநீட்டி அதை வாங்கிக்கொண்டார்கள் என்பதே அது. பள்ளிப் பேச்சுப்போட்டி முதல் பட்டிமன்றம் வரை இதை ஏற்காதவர் குறைவு. ஆனால் இது தவறான கருத்து. தலைவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவர்களுக்கு முன்னும் அவர்களோடும் நின்று, வசவு வாங்கி, சிறைக்குப் போன பெண்களைக் கழித்துவிட்டுச் சொல்லும் வரலாறு பொய்யாகிவிடுகிறது என்பதுதான் வழக்கு.

முதல் சாட்சி களம்பூரில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே, ஆரணி ரோடு ரயில் நிலையம் இருக்கும் ஊர் அது. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர்போனது. அந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்து முடித்து, ஆரணிக்கோ திருவண்ணாமலைக்கோ கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். எல்லாரும் அதைப் ‘புதுமைப்பெண்’ என்கிறார்கள். அதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். பணம் வாங்கும் மாணவியைக் கேட்டால் எந்த அரசு கொடுக்கிறது என்று உடனே சொல்வாள். மூவலூர் இராமாமிர்தம் யார் என்று கேட்டால் விழிப்பாள். குற்றம் அவளுடையதல்ல, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இராமாமிர்தம் 1883-ல் திருவாரூரில் பிறந்தவர். வறுமையில் பெற்றோர் அவரைப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விட்டதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். பொட்டுக்கட்டும் வாழ்க்கைக்கென்று வளர்க்கப்பட்டவர், தமக்குப் பாட்டுச் சொல்லித் தந்த ஆசிரியரையே துணையாகத் தேர்ந்துகொண்டு அந்த வலையை அறுத்தார். பிறகு தாம் தப்பியது போதாதென்று ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்களிடம் பேசினார். முதலில் காங்கிரஸ் மேடையிலிருந்து பேசினார். 1925-ல் மாயவரத்தில் மாநாடு கூட்டினார். அந்த ஆண்டு நவம்பரில்தான் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறுகிறார், சுயமரியாதை இயக்கம் அதற்குப் பிறகே கால்கொண்டது. ஆக, இயக்கம் வந்து இராமாமிர்தத்தை எழுப்பவில்லை. எழுந்து நடந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த இயக்கத்தில் வந்து சேர்ந்தார். தாம் கண்டதையும் பட்டதையும் வைத்து 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 53.

இரண்டு ஆண்டு கழித்து, 1938-ல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தது. அந்த நடைப்படையில் போன பெண் அவர் ஒருவரே. ஐம்பத்தைந்து வயதில் இருநூறு மைலுக்கு மேல் நடந்தவரைப் பற்றி ஒரு முழுப் பாடம்கூட எழுதத் தோன்றாத சமூகம், அவர் பெயரை ஒரு விண்ணப்பப் படிவத்தின் தலையில் அச்சடித்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறது.

அதே 1938-ன் நவம்பர் 13-ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று சென்னை ஒற்றவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். கூட்டுவித்தவர்களில் முன்னின்றவர் தஞ்சைக் கருந்தட்டாங்குடியில் பிறந்த சித்த மருத்துவர் தருமாம்பாள். ஈ.வெ.ராமசாமியை இனிப் பெரியார் என்றே குறிப்பிட வேண்டும் என்று அந்த மாநாடுதான் தீர்மானம் போட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வழங்கிய சொல் அன்றிலிருந்து நாடறிந்த பெயரானது. பெண்களுக்கு எல்லாம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் தலைவருக்கு அந்தப் பெயரையே கொடுத்தவர்கள் பெண்கள். மேடையில் ஆயிரம் முறை அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள், பெயரிட்டவர்களை ஒரு முறை சொல்வதில்லை.

மறுநாள் நடந்தது இன்னும் முக்கியம். தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் இந்து தியாலஜிகல் பள்ளி முன்னால் இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். ஆறு வாரச் சிறை. அந்தப் போராட்டம் முழுவதிலும் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32. பெண்கள் மாநாட்டில் பேசி அவர்களைத் தூண்டினார் என்று சொல்லியே பெரியார் மீது வழக்குப் போட்டு அவரையும் சிறைக்கு அனுப்பியது அன்றைய அரசு. பெண்கள் தாமாக வீதிக்கு வருவார்கள் என்று அந்த அரசாலும் நம்ப முடியவில்லை; யாரோ ஒரு ஆண் தூண்டினால்தான் வருவார்கள் என்று நினைத்தது. மார்ச் 8 பேச்சாளர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்வதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

வாக்குரிமைக் கதையும் இப்படித்தான் திருத்தப்பட்டிருக்கிறது. 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது, நீதிக்கட்சி ஆட்சியின் சாதனை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். சட்டமன்றம் தடையை நீக்கியது உண்மை. பிரிட்டிஷ் மாகாணங்களில் அதுதான் முதலில் நீக்கியது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கோரிக்கை சட்டமன்றத்தில் முளைக்கவில்லை. 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டொரத்தி ஜினராஜதாசா போன்றவர்கள் முன்னின்றார்கள். அந்த டிசம்பர் 18-ம் தேதி சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு என்ன அடிப்படையில் வாக்கு உண்டோ அதே அடிப்படையில் பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. வாக்குரிமையை ஆராயப் பின்னால் வந்த சவுத்பரோ குழு முடியாது என்று கைவிரித்தது. பெண்கள் விடவில்லை. ஹீராபாய் டாட்டாவும் மகள் மித்தனும் லண்டனுக்கே போய் வாதாடினார்கள். கடைசியில் 1919 சட்டம் அந்தப் பொறுப்பை மாகாண மன்றங்களிடம் தள்ளிவிட்டது. நான்கு ஆண்டு இடைவிடாமல் தட்டிய பிறகே கதவு திறந்தது. திறந்தவரைப் பாராட்டும்போது தட்டியவர்களையும் சொல்ல வேண்டாமா?

தேவதாசி ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முத்துலட்சுமி ரெட்டியை விடமாட்டார்கள். அது சரியே. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகி, 1927-ல் மன்றத்தின் துணைத்தலைவராகவும் ஆனவர் அவர். ஆனால் அவர் ஒருவரை மட்டும் நிறுத்திவிட்டால், ஒரு தனி மேதை எல்லாம் செய்தார் என்ற இன்னொரு கொடைக்கதை ஆகிவிடும். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டு மன்றத்துக்குள் அவர் பேசிய நாட்களில் வெளியே இராமாமிர்தம் தெருத்தெருவாகப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்த்தும் பெண்கள் எழுதினார்கள். சென்னையில் தேவதாசிகள் தங்கள் சங்கத்தின் பெயரில், தங்கள் சொத்தையும் கலையையும் ஒரே கையெழுத்தில் பறிக்காதீர்கள் என்று மனுப் போட்டார்கள்.

அந்தப் பக்கம் நின்றவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். அவருடைய வழி வேறு. முத்துப்பழனி என்ற தேவதாசிக் கவிஞர் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஒரு பெண் காமத்தைப் பாடலாமா என்று கூச்சல் எழுந்தது, அரசு தடை போட்டது. 1947-ல்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தம் சொத்தைச் செலவழித்தவரும் அவரே. ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று வித்வான்கள் தடுத்தபோது, பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். இன்று பகுள பஞ்சமி ஆராதனையில் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதற்குப் பின்னால் அவருடைய பிடிவாதம் இருக்கிறது. சட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பெண்களாகவே இருந்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வாதாடினார்கள் என்பதுதான் அந்தக் காலத்தின் உண்மை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். இவர்கள் எல்லாம் படித்தவர்கள், பட்டணத்தார், இல்லாவிட்டால் தலைவர்களின் வீட்டுப் பெண்கள். சாதாரணப் பெண்ணுக்கு இதில் பங்கு ஏது என்பார்கள். பெயர்களைப் பார்த்தால் ஆட்சேபம் நிற்காது.

கண்ணம்மாள் பெரியாரின் தங்கை என்பது உண்மைதான். ஆனால் தங்கையாக இருந்ததற்காக யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. ‘குடி அரசு’ இதழின் வெளியீட்டாளராகப் பொறுப்பேற்றிருந்தார். 1933-ல் அதில் வந்த அரசியல் தலையங்கத்துக்காக அண்ணனோடு அவரும் குற்றவாளிக் கூண்டில் நின்று தண்டனை பெற்றார். மணலூர் மணியம்மை இளம் வயதில் கைம்பெண்ணானவர். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டு, சைக்கிள் ஓட்டி, சிலம்பம் பழகி, கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். அவர் 1953-ல் இறந்தார். ராஜம் கிருஷ்ணன் தேடிப்போய் ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதாமல் இருந்திருந்தால் அவர் பெயர் அந்த வட்டாரத்தோடு போயிருக்கும். கே.பி. ஜானகியம்மாள் நாடக மேடையில் பாடி நடித்து வாழ்ந்தவர். நகையை விற்றுக் கட்சிக்குக் கொடுத்து, பலமுறை சிறை சென்று, 1967-ல் மதுரையிலிருந்து சட்டமன்றம் போனார். மீனாம்பாள் சிவராஜ் 1904-ல் ரங்கூனில் பிறந்தவர். தாழ்த்தப்பட்ட மக்களுக்காக 1928 முதல் மேடையேறியவர். 1945-ல் பம்பாயில் நடந்த தாழ்த்தப்பட்டோர் சம்மேளனப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்பேத்கர் அவரைச் சகோதரியாக மதித்தார். கடல் கடந்தால் இலங்கை மலையகத்தில் மீனாட்சி அம்மாள். கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் தாமே கட்டிய பாட்டைப் பாடினார், பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அங்கே 1931-ல் சர்வசன வாக்குரிமை வருவதற்கு முன்பே எழுதியவர் அவர்.

சொத்துரிமைப் பேச்சிலும் இதே ஓட்டை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது. 1989-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2005-ல் மத்திய அரசும் திருத்தியது. ஒரு தலைவர் கனவு கண்டார், இன்னொரு தலைவர் நிறைவேற்றினார் என்று கதை முடியும். நடுவில் உள்ள அறுபது ஆண்டு என்ன ஆனது? குஞ்சிதம் குருசாமி, நீலாவதி, மிஸ் ஞானம் போன்றவர்கள் திருமணம், சொத்து, கைம்மை பற்றி இதழ்களில் எழுதிக் குவித்தார்கள். குஞ்சிதம் 1929-லேயே சாதி தாண்டிச் சுயமரியாதைத் திருமணம் செய்து, எழுதியதை வாழ்ந்தும் காட்டினார். அந்தக் குரல்கள் இல்லாமல் போயிருந்தால் மாநாட்டுத் தீர்மானம் தாளோடு நின்றிருக்கும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. ஈரானில் 1936-ல் ரேசா ஷா முகத்திரையை ஆணையிட்டு அகற்றினார். 1963-ல் அவர் மகனுடைய ஆட்சியில் வாக்குரிமை வந்தது. மன்னர்கள் தந்த விடுதலை என்று ஒரு தரப்பு அதைப் போற்றுகிறது, மன்னர்கள் திணித்த மேல்நாட்டுச் சரக்கு என்று இன்னொரு தரப்பு தூற்றுகிறது. பெண்களைக் கணக்கில் சேர்க்காததில் இரண்டு தரப்பும் ஒன்று. பீபீ கானும் அஸ்தராபாதி 1907-லேயே தெஹ்ரானில் தம் வீட்டில் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கி, மதத்தலைவர்களின் எதிர்ப்பால் அதை மூட நேர்ந்து, மறுபடியும் திறந்தவர். செதீகே தௌலதாபாதி 1919-ல் இஸ்ஃபஹானில் பெண்களுக்கென்று பத்திரிகை நடத்தி, கல்லெறி வாங்கியவர். 1922-ல் மொஹ்தரம் எஸ்கந்தரி தொடங்கிய தேசபக்தப் பெண்கள் சங்கத்தை நீடிக்கவிடாமல் மூடியது அதே ரேசா ஷாவின் ஆட்சிதான். தௌலதாபாதி 1961-ல் இறந்தார். வாக்குரிமை வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. மன்னர் கொடுத்தார் என்ற கதைக்கு அவர் வாழ்க்கை ஒன்றே போதுமான மறுப்பு.

இந்த மறதி எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டுமானால் களம்பூர், ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறி வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்க்கலாம். வீட்டுப் பெண் காலையில் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து ஊடைப் பட்டைத் தாரில் சுற்றுகிறாள். அறுந்த இழையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முடிகிறாள். பாவு தீர்ந்தால், பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைக்கிறாள். ஆயிரக்கணக்கான இழை, ஒன்று விட்டாலும் புடவையில் கோடு விழும். கோர்வைக் கரையென்றால் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவும் போடுகிறாள். பல வீடுகளில் அவளே நெய்கிறாள். கூலி மட்டும் புடவைக்கு இவ்வளவு என்று கணக்கு; ஏடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நெய்ததாகத்தான் எழுதப்படும். அவள் செய்தது ‘ஒத்தாசை’. நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-ல் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆனாலும் நெசவாளி என்றால் நம் மனத்தில் எழும் உருவம் ஆண். வரலாற்று ஏட்டிலும் இதே கணக்குதான் எழுதப்பட்டிருக்கிறது: பாதிக்கு மேல் வேலை செய்தவர்கள் ஒத்தாசைக்காரர்கள் ஆனார்கள்.

திட்டங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அது நினைவு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இராமாமிர்தம் பெயரில் 1989 முதல் திருமண உதவி இருந்தது, இப்போது உயர்கல்வி உதவி. தருமாம்பாள் பெயரில் கைம்பெண் மறுமண நிதியுதவி. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. பெயர் வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் படிவத்தில் இருக்கும் பெயர் ஒரு முத்திரை. அதைப் பூர்த்தி செய்யும் பெண்ணுக்கு, இவர் உன்னைப் போல் ஒரு சின்ன ஊர்க்காரி, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், புத்தகம் எழுதியவர், சிறை சென்றவர் என்று சொல்லப்படவில்லை என்றால், அந்தப் பெயர் நிதியுதவியின் தலைப்பாக மட்டுமே நிற்கும். நகைமுரண் என்னவென்றால், கொடுப்பவர் அரசு, வாங்குபவள் பெண் என்ற அதே பழைய கதைக்கே அந்தப் பெயரும் துணைபோகிறது.

ஆவணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. இராமாமிர்தத்தின் நாவல் மறுபதிப்பு கண்டிருக்கிறது, ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. பா. ஜீவசுந்தரி அவர் வாழ்வை நூலாக எழுதியிருக்கிறார். முத்துலட்சுமி தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தார். ‘குடி அரசு’ இதழ்கள் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன, மாதர் சங்கத்தின் ‘ஸ்த்ரீ தர்மா’ இதழும் அழிந்துவிடவில்லை. படிக்க ஆள் வேண்டும், படித்ததைப் பாடத்திலும் மேடையிலும் சொல்ல மனம் வேண்டும்.

தலைவர்களின் பெயரைக் குறைத்தால்தான் பெண்களின் பெயருக்கு இடம் கிடைக்கும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். தாம் தலைமை தாங்கிய இயக்கத்தில் பெண்கள் தாமாகப் பேசவேண்டும், தாமாக முடிவெடுக்கவேண்டும் என்று பெரியார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் போற்றுகிறவர்கள் அந்தப் பெண்களை மறைத்துவிட்டு அவரை மட்டும் நிறுத்தினால், அது அவர் கேட்ட மரியாதை அல்ல.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. புதுமைப்பெண் உதவி பெறும் ஒவ்வொரு மாணவிக்கும், விண்ணப்பத்தோடு இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லும் சிறு நூல் ஒன்றை அரசு கொடுக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் வரலாற்றுப் பாடத்தில் 1938 நவம்பர் மாநாடு, தருமாம்பாள், மீனாம்பாள், மணலூர் மணியம்மை ஆகியோருக்குப் பத்தி அல்ல, பாடமே இருக்கட்டும். களம்பூர், ஆரணி நூலகங்களில் அவர்கள் நூல்கள் ஒரு தட்டில் தனியாக இருக்கட்டும். தறி ஏட்டில் நெய்கிற பெண்ணின் பெயரும் ஏறட்டும். அடுத்த மார்ச் 8-ல் மேடையேறும் ஆசிரியரும் கட்சிக்காரரும் இந்தப் பெயர்களில் ஐந்தையாவது ஆண்டோடும் ஊரோடும் சொல்லட்டும். சொல்லாதவரிடம், எங்கள் உரிமைக்குச் சிறை சென்றவர்கள் யார் யார் என்று கூட்டத்திலிருக்கும் மாணவிகள் எழுந்து கேட்கட்டும்.